இரத்தினசபாபதியின்ர பெரிய எஞ்சின்

"நீர் கட்டிக் குடுத்தது எஞ்சினோ, இல்லாட்டி மாட்டு வண்டிலோ?"

தேத்தண்ணிக் கடையில் எல்லாருக்கும் முன்னால் அப்புத்துரை இப்படிக் கேட்டதும் ஜதுர்சனுக்குப் புரைக்கேறியது.

சரவணையில் கராஜ் வைத்திருக்கிற ஜதுர்சன் செய்தது லேசுப்பட்ட வேலையா? இரத்தினசபாபதியின் பழைய பிக்கப்பின் எஞ்சினைக் கழற்றி, சிலிண்டரை அகலமாகக் குடைவித்து, பெரிய பிஸ்டன் போட்டு, கிராங்கையும் மாற்றிப் பூட்டியிருந்தான். "ரெண்டாயிரம் சீசீ, இப்ப ரெண்டாயிரத்து நானூறு" என்று கண்டவர் நின்றவர் எல்லாரிடமும் சொல்லியும் வைத்தான். அந்த வேலை சரிவந்தால் தன் லொறியையும் அவனிடமே தருவதாக அப்புத்துரை சொல்லியிருந்தார். லொறி வேலை வந்தால் கராஜ் தலை நிமிர்ந்துவிடும்.

இரத்தினசபாபதிக்கு ஒவ்வொரு நாளும் ஒரே ஓட்டம்தான். காலையில் கடைச் சாமான் ஏற்றிக்கொண்டு, கடலுக்குள்ளால் போகிற தாம்போதி றோட்டைக் கடந்து, புங்குடுதீவு தாண்டிக் குறிகட்டுவானுக்குப் போவார். அங்கிருந்து சாமான் நயினாதீவுக்குப் படகேறும். வழி முழுக்க ஏற்றம் என்று சொல்ல ஒரு மேடு கிடையாது. பிறகு எதற்குப் பெரிய எஞ்சின்? பறந்து காட்டத்தான் என்று ஊர் முழுக்க வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தது.

மனுசன் தாம்போதியில் ஏறியதும் ஊர ஆரம்பித்தார்.

"சைக்கிள் வேகத்தில போறார். நான் என்ர கண்ணால பார்த்தனான்," என்றார் அப்புத்துரை. "என்ர லொறிக்கும் இந்தக் கதி வேண்டாம் தம்பி. நான் யோசிக்கோணும்."

அது போதாதென்று அன்று பின்னேரம் இரஞ்சிதம் சைக்கிளை உருட்டிக்கொண்டு கராஜுக்கு வந்தாள். இரத்தினசபாபதியின் கூடப்பிறந்த தங்கச்சி. வேலியில் நின்ற முருங்கை யாருடையது என்று தொடங்கிய சண்டையில், அண்ணன் தங்கச்சிக்குள் கதை பேச்சு நின்று கனகாலம். முருங்கையும் பட்டுப்போய்விட்டது, சண்டை மட்டும் பச்சையாக நிற்கிறது. அவளுக்குப் புங்குடுதீவுக் கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலை. அவளும் காலையில் அதே தாம்போதியால்தான் போகவேண்டும்.

"இஞ்ச பாரும் தம்பி, நீர் கட்டின கோதாரி எஞ்சினை வைச்சுக்கொண்டு அந்த மனுசன் எனக்கு முன்னால ஊருது. நான் வருமட்டும் தாம்போதி வாசல்ல காத்து நிண்டு, நான் வந்த உடன முன்னுக்கு வெளிக்கிடுது. வேணுமெண்டே செய்யுது. ஒண்டில் அதை ஓட வையும், இல்லாட்டி உடைச்சு எறியும்."

"விலத்தி முன்னால போங்கோவன் அக்கா."

"நான் ஏன் விலத்தோணும்? றோட்டு என்ன அவற்ர சீதனமே?"

ஜதுர்சனுக்கு அதற்கு மேல் பொறுக்க ஏலவில்லை. அடுத்த நாள் காலை பிக்கப்பில் பாய்ந்து ஏறி, இரத்தினசபாபதிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டான்.

"அண்ணை, இண்டைக்கு ஒருக்கா அக்சிலேட்டரை அமத்துங்கோ. என்ர மானம் போகுது."

"புது எஞ்சின் தம்பி. கொஞ்ச நாளைக்குப் பொறுத்துத்தான் ஓடோணும்."

"அந்தக் கொஞ்ச நாள் எப்பவோ முடிஞ்சுது. கட்டினவன் எனக்குத் தெரியாதே?"

அவர் பக்கக் கண்ணாடியைப் பார்த்துப் பார்த்துத் தாம்போதியில் ஏற்றினார். தென்மேற்குப் பருவத்துச் சோளகக் காற்று நேரே முகத்தில் வந்து அறைந்தது. அத்தனை பாரத்தோடு, அந்த எதிர்காற்றில், எஞ்சின் ஒரு திணறல் இல்லாமல் இழுத்தது. சத்தத்தைக் கேட்கக் கேட்க ஜதுர்சனுக்குப் பூரிப்பாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் வந்தது. இவ்வளவு நல்ல எஞ்சினை இப்படிக் கட்டிவைத்து வாட்டுகிறாரே என்று, காலை நீட்டி அவர் காலுக்கு மேலேயே ஒரு மிதி மிதித்தான்.

பிக்கப் பாய்ந்தது.

"பார்த்தீங்களே அண்ணை, பார்த்தீங்களே."

"எடும் காலை. பின்னால பாரும்."

ஜதுர்சன் கண்ணாடியைப் பார்த்தான். இவ்வளவு நேரமும் பிக்கப்பின் மறைவில் வந்துகொண்டிருந்த இரஞ்சிதத்தைக் காற்று பிடித்து உலுப்பியது. சைக்கிள் கடல் பக்கம் சரிய, குதித்து இறங்கி, சீலைத் தலைப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு அவள் அதோடு மல்லுக்கட்டினாள்.

இரத்தினசபாபதி ஓரமாக நிறுத்தினார்.

"என்ர வாகனத்தில ஏறமாட்டாள். ஆள் விட்டும் கேட்டுப் பார்த்தனான். போன சோளகத்திலயும் இப்பிடித்தான் அவளுக்கு முன்னால போனனான். பழைய எஞ்சின் மெல்லப் போக ஏலாமல் இருமி இருமி நடுவழியில நிண்டிட்டுது. அதுதான் உம்மட்டை வந்தனான். ஓடுறதுக்கு எண்டு நான் எப்ப சொன்னனான்?"

இரஞ்சிதம் திரும்பச் சைக்கிளில் ஏறி, மூச்சு வாங்க உழக்கி வந்து சேர்ந்தாள். பிக்கப் ஓரத்தில் நிற்கிறது. றோட்டு முழுக்க அவளுக்குத்தான். ஆனால் அவள் விலத்திப் போகவில்லை. பிக்கப்புக்குப் பின்னால் காலை ஊன்றி நின்று, முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டு, வெளிக்கிடச் சொல்லி மணியை அடித்தாள்.

பிக்கப் மெல்ல நகர்ந்தது.

பின்னேரம் அப்புத்துரை கராஜுக்கு வந்தார். "என்ன தம்பி, ஏறிப் பார்த்தனீராம். எஞ்சினில என்ன பிழை?"

ஜதுர்சன் கையைத் துடைத்தான். அப்புத்துரையின் லொறி வெளியே நின்றது. அதை ஒருமுறை ஆசையோடு பார்த்துக்கொண்டான். உள்ளதைச் சொன்னால் நாளைக்கே தேத்தண்ணிக் கடைக் கதையாகிவிடும், பிறகு இரஞ்சிதம் அந்த மறைவில் வரமாட்டாள்.

"பிழை என்ர தான் அண்ணை. நான் கட்டினது சரிவரேல்லை. லொறியை நீங்கள் வேற ஆக்களிட்டைக் குடுங்கோ."

"அப்ப அந்தப் பிக்கப் இனித் திருந்தாதோ?"

"திருந்தும் அண்ணை," என்றான் ஜதுர்சன். "சோளகக் காத்து ஓய்ஞ்ச உடன, தானாத் திருந்தும்."