ஆறாத சூடு

சேலையூர் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்குள் சாயங்கால வெயில் மேஜைவரை வந்து படுத்திருக்கிறது. மேஜையின் நிழல் பக்கம் கிடக்கிற சர்வரின் மூடியைக் குமரேசன் கழற்றி வைக்கிறார். உள்ளே போடவேண்டிய புது கார்டு, அதைச் செருகுகிற பிளாஸ்டிக் ஸ்லாட்டைவிட நீளம். ஸ்லாட்டின் கடைசிச் சுவரை வெட்டித் திறந்துவிட்டால், மிச்சம் வெளியே நீட்டிக்கொண்டு கார்டு உட்கார்ந்துவிடும், வேலையும் செய்யும். அதற்குத்தான் கத்தியை லைட்டரில் காட்டிச் சூடாக்கி வைத்திருக்கிறார். செகண்ட் ஹேண்டில் வாங்கிய இந்தச் சர்வரைக் கேளம்பாக்கத்திலிருந்து ஆட்டோவில் ஏற்றிவந்த வினிதா, எதிரே ஸ்டூலில் துப்பட்டாவால் விசிறிக்கொண்டிருக்கிறாள். பிரஷ்ஷால் தூசியைத் தள்ளியதும் குமரேசனின் கை நின்றுவிடுகிறது. சுவர் ஏற்கெனவே வெட்டியிருக்கிறது. உருகி இறுகிய கறுப்பு பிளாஸ்டிக்கில் பாதிக் கட்டைவிரல் ரேகை. வெட்டிய இடத்தைச் சூட்டோடு சூடாக விரலால் தடவிவிடுகிற பைத்தியக்காரன் ஒருத்தன்தான், இந்த மேஜையின் மறுபக்கம் உட்கார்ந்து இதே வேலை பார்த்த ஆனந்தன். "சுடும்டா மச்சான்" என்றால் சிரிப்பான். அவன் செத்து இரண்டாவது மழையும் வந்து போய்விட்டது.

"என்னண்ணா, கார்டு உக்காராதா?"

"உக்காரும்மா."

"அப்ப போட்டுடுங்களேன்."

போட்டால் கார்டு அந்த ரேகையை மூடிவிடும். குமரேசன் தன் கட்டைவிரலை அதன்மேல் வைக்கிறார். பிளாஸ்டிக் சில்லென்று கிடக்கிறது. எதையும் தொடாத கத்தி மேஜை ஓரத்தில் கறுத்துக் கிடக்கிறது.

"கொஞ்சம் இரும்மா," என்கிறார், விரலை எடுக்காமல். "சூடு ஆறட்டும்."