டொரண்டோ ஊறுகாய்க் கடை

வெளிநாட்டுக்காரர்களுக்கு வீட்டிலிருந்தபடியே வெப்சைட் செய்து கொடுக்கும் வைரமணி, மனைவி கூப்பிட்டால் ஹெட்போனைக் கழற்றாமல் ஒரு விரலை உயர்த்துவான். ஒரு நிமிஷம் என்று அர்த்தம். அந்த நிமிஷம் நாலு வருஷமாகியும் முடியவில்லை.

அவனோடு பேச வேறு வழி தெரியாத தமயந்தி, டொரண்டோவில் ஊறுகாய்க் கடை நடத்தும் ரோஸலின் என்ற பெயரில் இன்டர்நெட்டில் பொய்க்கணக்குத் தொடங்கி, மணிக்கு இவ்வளவு என்று அவனை வேலைக்கு வைத்துக்கொண்டாள். வீட்டுச் செலவுக்கு அவன் தந்ததில் மிச்சம் பிடித்துத்தான் கூலி கொடுத்தாள்.

அடுப்படியில் நின்று போனில் தட்டினால் அடுத்த அறையிலிருந்து உடனே பதில் வந்தது.

"இன்று என்ன சமையல்?" என்று ரோஸலின் கேட்டாள்.

"வத்தக்குழம்பு, மேடம். என் மனைவியின் கைப்பக்குவம் வேறு யாருக்கும் வராது."

அன்று பால் பொங்கி அடுப்பே அணைந்துபோனது.

அவன் பணமே அவனுக்குத் திரும்பி வந்ததில் வருமானம் மளமளவென்று வளர்ந்தது. அந்தத் தைரியத்தில் கட்டணத்தை இரு மடங்காக்கினான். ரோஸலினுக்குக் கட்டுப்படியாகவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, இனி முடியாது என்று எழுதிவிட்டாள்.

மதியம் அவனாகவே அடுப்படிக்கு வந்தான்.

"நல்ல கிளையன்ட் ஒண்ணு போயிடுச்சுடி. அந்தம்மாகிட்ட மட்டும்தான் மனசுவிட்டுப் பேசிட்டிருந்தேன்."

"அப்படி என்னங்க பேசுவீங்க?" தமயந்தி கரண்டியைக் கீழே வைத்தாள்.

அவன் வாயைத் திறந்தான். உள்ளே கம்ப்யூட்டர் டிங்கென்றது.

ஒரு விரலை உயர்த்தினான்.