பொம்மைக்கு அடியில் இருந்த சீட்டு

வேன் ஓட்டும் சூசை வாங்கிய மூக்கு ஸ்பிரே, டேஷ்போர்டில் தலையாட்டி பொம்மைக்குப் பக்கத்தில் குடியேறியது. பொம்மை கடகடவென்று ஆடியதால், ஸ்பிரேயோடு வந்த சீட்டை எட்டாக மடித்து அதன் அடியில் செருகினான் சூசை. படித்தானா? யார் படிக்கிறார்கள்!

உச்சி வெயிலில், நாற்கரச் சாலையில் மறுபடி தும்மல் பிடித்தது. காலையில் அடித்தது போதாதென்று இன்னும் இரண்டு முறை அடித்துக்கொண்டான். தும்மல் நின்றது.

"என் கைராசியப் பாத்தியா?" என்றது ஸ்பிரே.

"தும்மல் மட்டுமா நின்னுச்சு? அண்ணன் முணுமுணுக்கிற பாட்டையும் காணோமே" என்றது பொம்மை.

ஸ்பிரேவுக்குத் திக்கென்றது. "ஐயோ, நான் தூக்கத்தைக் கொண்டு வருவேன்! அளவுக்கு மேல அடிக்காதே, எப்படி ஒத்துக்குதுன்னு தெரியாம வண்டி ஓட்டாதேன்னு உன் காலடிச் சீட்டுல போட்டிருக்கு. அண்ணனைக் கூப்பிடு!"

"நம்ம குரல் மனுசங்களுக்கு என்னைக்குக் கேட்டுச்சு?"

வேன் நேராகத்தான் போனது. சாலைதான் வளைந்தது.

பொம்மை சூசையைப் பார்த்தது. அதன் வர்ணச் சிரிப்பு மாறவேயில்லை.

"இத்தனை வருசமா இந்த வண்டியில நான் ஒருத்திதான் தலையாட்டிக்கிட்டிருந்தேன். இப்பப் பாரேன், அண்ணனும் என்கூடச் சேர்ந்து ஆட்டுறாரு."