புலி ஈரல்

“நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டீங்க?” என்று டாக்டர் பெண் கேட்டதும் ஓஜோ முதலில் தன் மனைவியைப் பார்த்தான்.

பிறகு சுவரிடம் சொல்வதுபோல், “புலி ஈரல்,” என்றான்.

மனைவி எந்தின் சட்டென்று அவன் பக்கம் திரும்பினாள். அவள் பேசாமல் இருந்தால் அது நல்லதற்கில்லை என்று எங்கள் தெருவுக்கே தெரியும்.

நான் கதவோரம் நின்றிருந்தேன். அவர்கள் கூப்பிட்டு வந்தேன் என்றால் பொய். பக்கத்து வீட்டுக்காரன் விலாவைப் பிடித்துக்கொண்டு சுகாதார நிலையத்துக்குப் போகிறான். நான் வீட்டில் உட்கார்ந்து எனக்கு ஒருத்திக்குச் சோறு பொங்கிக்கொண்டிருக்க முடியுமா? தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்துவிட்டேன். நாற்காலி காலியாகத்தான் இருந்தது. இடுப்பு இடம் கொடுக்கவில்லை, நின்றேன்.

ஓஜோவுக்கு விடியலிலிருந்து ஒரு சொட்டுச் சிறுநீர் இறங்கவில்லை. முதுகைக் கடப்பாரையால் நெம்புகிற வலி. மத்தியானத்துக்குள் வழி பிறக்காவிட்டால் நகரத்துக்கு அனுப்பிக் குழாய் போட வேண்டும், இல்லையென்றால் சிறுநீரகம் போய்விடும் என்று டாக்டர் பெண் முதலிலேயே சொல்லிவிட்டாள்.

அப்படிச் சொன்னவள்தான், புலி ஈரல் என்றதும் நோயாளியை விட்டுவிட்டுக் கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அம்போன் தீவுக்காரி. ஜாவாவில் எங்கள் சுண்டா மலைப்பக்கம் வந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. எதற்கெடுத்தாலும் உலகத்து டாக்டர்கள் எழுதிவைத்த கட்டுரைகளைத் தேடித் தேடிப் படிக்கிறாள், சொந்தச் சரக்கு ஒன்றுமில்லை என்று மருந்து வரிசையில் ஏற்கெனவே பேச்சு. ஆரம்பித்து வைத்தது யார் என்று கேட்காதீர்கள்.

“பாத்துப் படிச்சு மருந்து குடுக்கிறதுதான் வைத்தியம்னா எங்க சின்ன மகளே குடுப்பாளேக்கா,” என்றாள் எந்தின், எனக்குக் கேட்கும்படி. டாக்டருக்கும் கேட்கும்படி.

நான் மெல்ல நகர்ந்து திரையை எட்டிப் பார்த்தேன். எழுத்தெல்லாம் ஆங்கிலம். படம் மட்டும் புரிந்தது. பனியில் நிற்கிற வெள்ளைக் கரடி.

மனுஷன் இங்கே புழுவாகத் துடிக்கிறான். இவள் கரடி பார்க்கிறாள்.

“கையக் காட்டுங்க மாமா. தோல் உரியுதா? தலை வலிக்குதா?”

வேட்டையாடித் தின்கிற மிருகத்தின் ஈரலைச் சாப்பிட்டால் அதிலிருக்கிற வைட்டமினே விஷமாகித் தோல் உரியுமாம். கட்டுரை அப்படிச் சொல்கிறதாம். ஓஜோ உள்ளங்கையை நீட்டினான். மண்வெட்டி பிடித்துக் காய்த்துப்போன கை. அதில் எது உரியும்?

அவள் பார்வை மாறியது. “புலி எங்க கிடைச்சுது? போலீஸ் கேஸ் ஆகும், தெரியுமில்ல?”

ஓஜோ விழித்தான். எந்தின் அவனை முறைப்பதிலேயே இருந்தாள். நான் சொல்லியிருக்கலாம். வாயைத் திறக்கவில்லை.

டாக்டர் பெண் திரைப் பக்கம் திரும்பினாள். பிறகு தட்டியதையெல்லாம் அழித்தாள். அடைபடுவதற்கு முன்னால் சிறுநீர் எப்படி இருந்தது என்று மட்டும் கேட்டாள். பால் கலந்த மாதிரி, கடைசியில் ரத்தம், என்றான். புலியை விட்டுவிட்டு அந்த வலியையும் அந்த நிறத்தையும் ஜாவா என்ற பெயரையும் போட்டுத் தேடினாள்.

இந்த முறை கரடி வரவில்லை. ஒரு மரக்கிளை வந்தது, காயோடு.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “மாமா, நீங்க சாப்பிட்டது ஜெங்கோலா?”

“அதத்தானே டாக்டரம்மா அப்ப இருந்து சொல்றேன்.”

ஜெங்கோல் ஒரு கொட்டை. குழம்பில் வெந்தால் ஈரல் மாதிரியே மெத்தென்று இருக்கும். மறுநாள் கழிப்பறை நாற்றம் தெருவுக்கே தகவல் சொல்லும். படித்தவர்கள் முன்னால் அந்தப் பெயரைச் சொல்லக் கூசிக்கொண்டு எங்கள் பக்கத்தில் புலி ஈரல் என்போம். ஊருக்குப் புதிதாக வந்தவளுக்கு யார் சொல்லித் தருவார்கள்?

அதன் சத்து சிறுநீரில் ஊசி ஊசியாக உறைந்து வழியை அடைத்துவிடுமாம். இப்போதே நரம்பில் நீர் ஏற்றிச் சோடா உப்பும் கொடுத்தால் பெரும்பாலும் கரைந்துவிடும். விட்டால் சிறுநீரகத்துக்கு ஆபத்து. அவளே ஊசி குத்தி நீர்ப் பையைத் தொங்கவிட்டாள். பிறகு மறுபடியும் திரையைப் பார்த்தாள்.

“ஒரே சட்டியில சாப்பிட்டாலும் ஒருத்தருக்குச் சீக்கிரம் அடைக்கும், ஒருத்தருக்கு லேட்டா அடைக்கும், சிலருக்கு ஒண்ணுமே ஆகாது. உங்ககூட யாரு சாப்பிட்டாங்க? அவங்களயும் உடனே பாக்கணும்.”

“நானும் அதத்தான் கேக்கறேன்,” என்றாள் எந்தின். “நம்ம வீட்டு அடுப்புல அந்த நாத்தம் ஏறி வருஷக்கணக்காச்சு. எவ வீட்டுச் சட்டி?”

ஓஜோ கண்ணை மூடிக்கொண்டான். மயக்கம் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளலாம்.

எந்தினுக்குச் சந்தேகமெல்லாம் முச்சந்திச் சோற்றுக்கடைக்காரி மேல். போன நோன்பு மாதம் நான்தான் ஓஜோவையும் அவளையும் சேர்த்துச் சாடைமாடையாக எந்தின் காதில் போட்டுவைத்தேன். இப்போதும் என்னைப் பார்த்து, “நீ அன்னிக்கே சொன்னியேக்கா,” என்றாள்.

ஐயோ பாவம் என்று தலையாட்டிவிட்டு, சுவரில் ஒட்டியிருந்த கைகழுவும் முறையைப் படிக்க ஆரம்பித்தேன்.

டாக்டர் பெண் கணினியை விட்டுத் திரும்பினாள். என் கையில் காலியாகிவிட்ட தண்ணீர் பாட்டிலைப் பார்த்தாள். இடுப்பை அழுத்திப் பிடித்திருந்த இன்னொரு கையையும் பார்த்தாள்.

ஓஜோவுக்கு எடுத்ததுபோலவே அலமாரியிலிருந்து இன்னொரு சிறுநீர்க் குப்பியை எடுத்தாள். மூடியில் எழுதுவதற்குப் பேனாவைத் திறந்தாள்.

“உங்க பேரு என்னக்கா?”