காம்பு நுனியில் ஒரு சொட்டு

கட்டிங் பிளேயர் கைப்பிடிகளைச் சூடாக்கி ரப்பர் கரைசலில் முக்கி எடுப்பது என் வேலை. மெதுவாகத் தூக்க வேண்டும். அவசரப்பட்டால் நுனியில் சொட்டு திரண்டு இறுகிவிடும், அது ரிஜெக்ட்.

பக்கவாதம் வந்த என் கணவர் சவரிமுத்துவின் கையில் ஸ்பூன் நிற்பதில்லை. சூப்பர்வைசர் செங்கமலம் அக்காவிடம் கேட்டு, பிடி வழுக்காமலிருக்க வீட்டு ஸ்பூனின் காம்பை அதே கரைசலில் முக்கினேன். பதற்றத்தில் வெடுக்கென்று தூக்கிவிட்டேன்; நுனியில் சொட்டு இறுகிவிட்டது.

"இத்தனை வருஷ சர்வீசு, சொந்த ஸ்பூன் ரிஜெக்ட்டாடி?" அக்கா சிரித்தார். "பரவால்ல, கொண்டு போ."

வீட்டில் என் கணவர் அந்த ஸ்பூனால் ரசஞ்சோற்றை அள்ளினார். ஸ்பூன் வழுக்கியது. அந்தச் சொட்டு சுண்டுவிரலில் தட்டி நின்றது. சோறு வாய்க்குப் போய்ச் சேர்ந்தது.

மென்று விழுங்கிவிட்டுச் சொன்னார்: "நீ உன்னுதச் சாப்புடு புள்ள. எனக்கு ஊட்டிட்டு தெனமும் ஆறுனதத்தான திங்குற."

என் தட்டில் ஆவி பறந்துகொண்டிருந்தது.