அஞ்சலியில் சிரித்தவள்

மறுபடியும் களுக்கென்று ஒரு சிரிப்பு. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த அதே மொட்டைத் தலைக் கிழவிதான்.

திரையில் பாடை போய்க்கொண்டிருந்தது. பறை அதிர, பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைக்க, கீழ்வேளூர் தியேட்டரே மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தது. இந்த நேரத்தில் ஒருத்திக்குச் சிரிப்பு வருமா? வானதிக்கு உச்சந்தலை வரைக்கும் பற்றிக்கொண்டு வந்தது.

அந்தத் தியேட்டரின் ஞாயிறு காலைக் காட்சி வானதியின் பொறுப்பு. படம் தேர்ந்தெடுப்பது, விருந்தினரை அழைப்பது, மைக் பிடிப்பது எல்லாமே அவள்தான். முதலாளி அப்துல் வஹாப் நேற்றே கறாராகச் சொல்லிவிட்டார்.

"மூணு மாசமா காலி நாற்காலிக்குத்தாம்மா படம் காட்டுறோம். நாளைக்குக் கூட்டம் வரணும், கசமுசா இல்லாம முடியணும். இல்லன்னா ஞாயித்துக்கெழமைய மறந்துடு. கல்யாணத்துக்கு ஹாலக் கேட்டு ஆளுங்க வந்துக்கிட்டே இருக்காங்க."

கூட்டம் வந்துவிட்டது. டைரக்டர் அன்பரசன் வருகிறார் என்றால் சும்மாவா? நடவுக் கூலி தங்கம்மாளைப் பத்து வருஷத்துக்கு முன்னால் இரண்டு போகம் கூடவே இருந்து எடுத்த ஆவணப்படம் இது. படம் முடிவதற்குள் தங்கம்மாள் இறந்துபோனாள் என்று அவர் மேடைக்கு மேடை சொல்லி, வெளிநாட்டில் நாலு விருதும் வாங்கியிருந்தார்.

எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது, இந்தக் கிழவியைத் தவிர. வந்ததிலிருந்து இம்சை. வாய் கொள்ளாத வெற்றிலை, துப்புவதற்கு மடியில் ஒரு காகித டீ கப். அது அரைக் கப்புக்கு மேல் நிறைந்து தளும்புவதைப் பார்த்ததுமே வானதி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

போதாக்குறைக்குப் பேச்சு வேறு.

"இப்ப பாரேன், நாத்துமுடிய விட்டெறிஞ்சிட்டு அந்தக் கூலி ஏஜெண்ட வைவா," என்று படம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே பக்கத்து ஆளிடம் சொன்னாள். சொன்ன மாதிரியே திரையில் நாற்றுமுடி பறந்தது, வசவும் விழுந்தது. யார் செல்போனிலோ முன்னாடியே பார்த்துத் தொலைத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு வானதி குனிந்தாள்.

"ஏம்மா, கொஞ்சம் பேசாம பாருங்க. மத்தவங்க பாக்க வேணாமா?"

"சரி பாப்பா, சரி பாப்பா," என்று கப்பில் துப்பினாள் கிழவி. ஒரு துளி வானதியின் புறங்கையில் தெறித்தது. கர்மம்! புடவைத் தலைப்பில் மூன்று தடவை துடைத்தும் அவளுக்கு அருவருப்பு போகவில்லை.

படம் முடிந்து விளக்கு எரிந்தது. அடுத்து தங்கம்மாளின் உருவப்படத் திறப்பு. திரைக்கு முன்னால் போட்டிருந்த மேடையில் அன்பரசன் துணியை விலக்கினார். தலையில் முண்டாசு, முழங்கால் சேறு, குனிந்து நடவு நடும் தங்கம்மாளின் பாதி முகம். ஆள் உயர மாலையைப் போட்டுவிட்டு மைக்கை வாங்கினார்.

"என் மடியிலதாங்க அவங்க உயிர் போச்சு. 'தம்பி, என் கதைய ஊர் ஊராச் சொல்லு'ன்னாங்க. அதான் கடைசிப் பேச்சு." கைக்குட்டையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அப்துல் வஹாப்கூடக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். அப்பாடா, ஞாயிற்றுக்கிழமை பிழைத்தது என்று வானதி மூச்சு விட்டாள்.

"எல்லாரும் ஒரு நிமிஷம் எழுந்து நின்னு அஞ்சலி செலுத்துவோம்."

தியேட்டரே எழுந்து நின்றது. கிழவி மட்டும் எழவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வெற்றிலைச் சாறு தாடையில் வழிந்து, முன்வரிசை ஆசாமியின் வெள்ளைச் சட்டையில் போய்த் தெறித்தது.

"சீ! என்ன ஜென்மமோ!" என்று அவர் துள்ளினார். மௌனம் கலைந்து கூச்சலாகிவிட்டது.

மேடை வெளிச்சத்தில் கண் கூச, அன்பரசன் புருவத்தில் கையை வைத்துப் பார்த்தார். "யாருங்க அது, குடிச்சிட்டு வந்தாங்களா? வெளிய அனுப்புங்க முதல்ல!"

அப்துல் வஹாப் வானதியைப் பார்த்து, அவ்வளவுதான் என்பது போல் கையை விரித்தார். அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. மூன்று வருஷ உழைப்பு ஒரு கிழவியின் எச்சிலில் போகிறதே! ஓடிப்போய்க் கிழவியின் கையைப் பிடித்துத் தரதரவென்று வெளியே வராந்தாவுக்கு இழுத்து வந்தாள்.

"நீயெல்லாம் மனுஷிதானா? உன்னப் பாக்கவே குமட்டுது எனக்கு! ஒரு சாவுக்கு இப்படியா சிரிப்ப?"

கிழவி முந்தானையால் வாயைத் துடைத்தாள். உள்ளே அன்பரசன் மறுபடியும் முதலிலிருந்து அழ ஆரம்பித்திருந்தார்.

"ஊரே எந்திரிச்சு நிக்குது. உனக்கு மட்டும் என்ன கேடு? ஏன் நிக்கல?"

கிழவி நிமிர்ந்து பார்த்தாள். இப்போது அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

"செத்தது நாந்தான் பாப்பா."