சிரட்டையில் மஞ்சள்

குசினி யன்னலால் வரும் மாலை வெயில் மைமூனின் வெள்ளைச் சேலையில் விழுந்து கிடக்கிறது. கறிக்குப் பால் பிழிந்த தேங்காய்ப்பூவைச் சிரட்டையில் ஏந்தியபடி தங்கை றாபியா தயங்கி நிற்கிறாள். "ராத்தா, கைப்பழக்கத்தில மஞ்சளையும் போட்டுட்டன். கோழிக்குக் கொட்டவா?" துறைமுக வேலை முடிந்து கணவன் அபூதாஹிர் தோணியில் வந்திறங்குகிற நேரம் இது. அவன் வீடு சேருமுன் இப்படி மஞ்சள் சேர்த்த தேங்காய்ப்பூவை முகத்தில் தேய்த்துக் கழுவிக்கொள்வது மைமூனின் வழக்கம். அவன் கண்மூடி மௌத்தாகி ஒரு மாதமாகிறது. கணவனை இழந்து நாலு மாதமும் பத்து நாளும் இத்தாவில் இருப்பவளுக்கு அலங்காரம் கூடாது. "கொண்டா இஞ்ச," என்கிறாள் மைமூன். பாயில் தஸ்பீஹ் மணிகளை உருட்டிக்கொண்டிருக்கும் மாமி, அபூதாஹிரைப் பெற்றவள், நிமிர்கிறாள். "முகத்துக்கு ஆகாது புள்ள." "எனக்கில்ல மாமி. காலை நீட்டுங்க." "இந்தக் கிழட்டுக் காலுக்கா? ஆரு பாக்கிறதுக்கு?" "நான் பாக்கத்தான்." வெடித்த குதிக்காலில் தேங்காய்ப்பூ சரசரக்கிறது, மிச்சப் பால் கசிந்து வெடிப்புகளுக்குள் மஞ்சளாக இறங்குகிறது. உதிர்வதைக் கொத்தக் கோழிகள் வாசலில் கழுத்தை நீட்டி நிற்கின்றன. தேய்த்துக்கொண்டே வந்த மைமூனின் கை, பெருவிரலைவிட நீண்டிருக்கும் அடுத்த விரலில் வந்து நின்றுவிடுகிறது. அபூதாஹிரின் காலிலும் அப்படித்தான். பள்ளிவாசலில் அந்தித் தொழுகைக்கு மஃரிபு பாங்கு கேட்கிறது. மாமி தஸ்பீஹை மடியில் வைக்கிறாள், காலை இழுக்கவில்லை.